இறுகிய மூடிக்கு ஓர் இரும்புக் கை

ஊரிலிருந்து வந்த ஊறுகாய் பாட்டிலின் மூடி திறக்க மறுப்பது, தனியறையில் பொங்கித் தின்போருக்குப் பழகிய தொல்லை. வேட்டி நுனியைச் சுற்றித் திருகுவார்கள். கதவிடுக்கில் வைத்து நெருக்குவார்கள். நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்கப் பெண்மணிகளும் இதே பாடு பட்டவர்கள்தாம். அந்தப் பாட்டில் பிறந்ததே மூடி திருகும் கருவி.

உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிநீரில் வைத்தால் கெடாது என்று கண்டவர், பிரான்ஸ் நாட்டு நிக்கோலா அப்பேர். 1810-ல் அந்நாட்டு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசளித்தது. அவருடைய புட்டிகளுக்குத் தக்கைதான் மூடி.

அமெரிக்கத் தகரக் கொல்லர் ஜான் லாண்டிஸ் மேசன், புட்டியின் கழுத்திலேயே மரை அமைத்து, 1858 நவம்பர் 30-ல் காப்புரிமை பெற்றார். துத்தநாகத் திருகு மூடியும் ரப்பர் வளையமும் கொண்ட இப்புட்டி வீடுதோறும் பரவியது. பழத்தையும் காய்கறியையும் குளிர்காலத்துக்குச் சேமிக்க வழி பிறந்தது.

வசதி வந்தது, வம்பும் வந்தது. சூடாக அடைத்த புட்டி ஆறும்போது உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ வீதம் மூடியை அழுத்துகிறது. போதாததற்குச் சர்க்கரைப்பாகு மரையில் ஒட்டிக்கொள்ளும். கத்தியால் நெம்பினால் கண்ணாடி சில்லுப் பெயரும்.

இதற்கு விடையாகப் பலவகைக் கருவிகள் வந்தன. ஒன்றில், மூடியைச் சுற்றி உலோகப் பட்டை. அதனுடன் நீண்ட பிடி. பிடியை இழுக்க இழுக்கப் பட்டை இறுகும். மூடியின் நடுவிலிருந்து விளிம்பு 3.5 செ.மீ., பிடியின் முனை 17.5 செ.மீ. என்றால், ஐந்தில் ஒரு பங்கு வலு போதும். மூட்டுவலியுள்ள முதியவர்களுக்கு இது பெரும் உதவி.

மேசனின் காப்புரிமை 1879-ல் காலாவதியானது. பிறர் அவர் பெயரிலேயே புட்டி செய்து செல்வம் சேர்த்தனர். அவரோ 1902-ல் வறுமையில் மறைந்தார்.

கருவி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. மூடியை மட்டும் சிறிது நேரம் வெந்நீரில் காட்டினால், கண்ணாடியைவிட உலோகம் அதிகம் விரிந்து பிடி தளரும். வேட்டி நுனி தப்பும்!