மார்க்கா, கடிகாரமா?

டி.வி.யில் ஃபிகர் ஸ்கேட்டிங் வந்தால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். எனக்குப் பிடித்தவர் சூர்யா பொனாலி. பெயர்தான் நம்ம ஊர், ஆள் பிரான்ஸ்! 1998 நகானோ ஒலிம்பிக்ஸில் அம்மணி பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து, பனியில் ஒற்றைக் காலில் இறங்கினார். அம்மாடியோவ்! ஆனால் அது விதிப்படி கூடாதாம். மார்க்கில் கை வைத்தார்கள் ஜட்ஜுகள். முடிவில் 10-வது இடம். 2024-ல் அதே குட்டிக்கரணத்துக்குத் தடையை நீக்கிவிட்டார்கள். இதை எங்கே போய்ச் சொல்ல?

அதனால்தான் நம்ம சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் மேல் எனக்குத் தனிப் பிரியம். இவருக்குப் பனி கிடையாது, சக்கரம். நளினம் கிடையாது, வேகம். 2023 ஆசியப் போட்டியில் 3000 மீட்டர் ரிலே வெண்கலம் வாங்கிய நால்வரில் ஒருவர். அதே ரேஸில் கொரியாக்காரர் கோட்டைத் தொடுமுன்னே கையைத் தூக்கிக் கொண்டாட, தைவான்காரர் காலை நீட்டி 0.01 செகண்டில் தங்கத்தைத் தட்டிக்கொண்டு போனார்! 2025 செப்டம்பர், சீனாவில் உலக சாம்பியன்ஷிப். 1000 மீட்டரை 1 நிமிடம் 24.924 செகண்டில் முடித்து நம்ம ஆள் தங்கம்! கடிகாரத்துக்கு வேண்டியவன், வேண்டாதவன் கிடையாது.

எங்கள் வானகரத்துப் பொடியன்கள் காலில் சக்கரம் கட்டினால் லாரிகளுக்கு நடுவேதான் ஓட்டணும். பள்ளமில்லாத தரை கொஞ்சம் போட்டுக் கொடுங்க ஸார். மார்க் யார் கேட்டது?