பெரியவரைப் பார்ப்பவரை யார் பார்ப்பது?



பக்கவாதம் வந்தோ, இடுப்பெலும்பு முறிந்தோ, ஞாபகம் குன்றியோ வீட்டுப் பெரியவர் படுக்கையில் விழுந்துவிட்டால், ஊரே வந்து அவரை விசாரிக்கும். அவரைப் பராமரிக்கும் மருமகளை யாரும் விசாரிப்பதில்லை.

டவுனில் முதியோர் இல்லம் என்றால் அதற்கொரு பொறுப்பாளர் இருப்பார். பகலுக்கு ஓர் ஆள், இரவுக்கு ஓர் ஆள் என்று முறை போடுவார். மருந்துக் கணக்கு பார்ப்பார். சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வார். சம்பளம் வாங்கும் அவருக்கே அந்த வேலை மனதை நொறுக்கும். நம் சேர்வராயன் மலை ஊர்களிலோ பொறுப்பாளர், ஆயா, நர்ஸ் எல்லாம் ஒரே பெண்தான். காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில் எஸ்டேட் கூலியும் போச்சு, ராத்திரித் தூக்கமும் போச்சு.

நாளடைவில் தலைவலி, இடுப்புவலி, காரணமில்லாத அழுகை எல்லாம் வரும். குழந்தைமேல் எரிந்து விழுவாள். ஒரு நாள் பெரியவரையே ஏதாவது சொல்லிவிட்டு, அப்புறம் அதை நினைத்து நினைத்து உருகுவாள். இதைத் திமிர் என்று எண்ணிவிடக் கூடாது. தாங்க முடியாத உடம்பும் மனசும் காட்டும் அறிகுறி இது.

அமெரிக்காவில் 1980-ல் ஸ்டீவன் ஸாரிட் என்பவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும், ஞாபகம் குன்றிய முதியோரைப் பராமரிக்கும் 29 பேரை விசாரித்தார்கள். நோயாளி கொடுக்கும் தொல்லைக்கும் பார்ப்பவரின் மனப்பாரத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. மற்ற உறவினர்கள் அடிக்கடி வந்துபோன வீடுகளில்தான் பாரம் குறைவாக இருந்தது. "நான் வந்து என்ன ஆகப்போவுது?" என்று கேட்கும் நாத்தனாருக்கு இதைப் படித்துக் காட்டலாம்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அது அவள் ஒருத்தி வேலையா? இரவில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். தூக்கி உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டும். தனியாகத் தூக்கி அவள் இடுப்பும் போய்விட்டால் வீட்டில் இரண்டு நோயாளி. மாத்திரை கொடுத்த நேரம், புரட்டிய நேரம் இவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்தால் ஆள் மாறும்போது குழப்பம் வராது. வாரத்தில் அரை நாள் அவள் சந்தைக்கோ தாய்வீட்டுக்கோ போய்வரட்டும். "அத்தைய யாரு பாப்பாங்க?" என்று தயங்குவாள். "நான் பாத்துக்கறேன், நீ போ" என்று சொல்லுங்கள். சொன்னபடி வீட்டிலும் இருங்கள். சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா, எவ்வளவு செலவு செய்வது என்று பேசும்போது அவளையும் கேளுங்கள். பாடு முழுதும் ஒருத்திக்கு, தீர்மானம் முழுதும் மற்றவர்களுக்கு என்றிருப்பதுதான் மனசை மிகவும் அரிக்கிறது.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது. இதில் பிரஷர், சுகர் மாத்திரைகளைப் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நர்ஸும், உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்டும் வீடு தேடி வருவார்கள். ஒவ்வொன்றுக்கும் டோலி கட்டித் தூக்கிவந்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். நர்ஸ் வரும்போது புரட்டும் முறையைக் கணவன் மனைவி இருவரும் கற்றுக்கொள்ளுங்கள். பெரியவருக்குப் பிரஷர் பார்த்த கையோடு, பராமரிப்பவருக்கும் பார்க்கச் சொல்லுங்கள்.

தூக்கமே வரவில்லை, இனி முடியாது என்று தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசலாம். காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசுவார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். வீட்டாரை எழுப்பிச் சொல்லுங்கள், டவர் கிடைக்கும் இடத்துக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போய் உடனே பேசுங்கள்.