புள்ளியைச் சூழும் இழை

சிக்குக் கோலத்தின் நெறிகள் மிகச் சில. இழை எப்புள்ளியையும் தொடலாகாது. எல்லாப் புள்ளிகளையும் சூழ்ந்து வரவேண்டும். தொடங்கிய இடத்திலேயே முடியவேண்டும். இவ்வளவே. ஆயினும் இந்நெறிகளுக்குள் அடங்கியிருக்கும் கணிதம் ஆழமானது. அதனை நாள்தோறும் கையால் ஆற்றும் மனத்தின் ஒருமை அதனினும் ஆழமானது.

நேர்ப்புள்ளியாக 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வைப்போம். அண்டையிலுள்ள இரு புள்ளிகளுக்கு இடையே எங்கும் இழை தன்னைத் தானே குறுக்கே கடக்குமாறு வரைந்தால், கடக்கும் இடங்கள் 17. அவ்விடங்கள் ஒவ்வொன்றிலும் நான்கு வழிகள் கூடுகின்றன. ஒவ்வொரு சந்திப்பிலும் இரட்டைப்படையாக வழிகள் கூடும் தொடர்ந்த வடிவத்தைக் கையெடுக்காமல் வரைந்து, தொடங்கிய இடத்துக்கே மீளலாம். கோனிசுபெர்க்கு நகரின் ஏழு பாலங்களை ஆராய்ந்த கணித அறிஞர் ஆய்லர் எட்டிய முடிவின் வழியே நாம் அறிவது இது. ஆனால் எங்கும் கடக்கும் இக்கோலம் இன்னும் கடுமையான ஒன்றைக் கேட்கிறது. சந்திப்பில் விரும்பிய பக்கம் திரும்ப இயலாது. நேரே கடந்தே ஆகவேண்டும். அவ்வாறு கடந்தும் இழை ஒன்றாகவே நிற்குமா?

வரிசை, புள்ளி ஆகிய இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியே இழைகளின் எண்ணிக்கை. 3க்கும் 4க்கும் அது 1. ஆகவே ஒரே இழை. 4க்கு 4 வைத்தால் நான்கு தனி இழைகளாகப் பிரிந்துவிடும். அப்போது வெவ்வேறு இழைகள் சந்திக்கும் மூன்று இடங்களை நான்கு இழைகளும் இணையுமாறு தேர்ந்து, அங்கே குறுக்கே கடக்காமல் வளைத்துத் திருப்பினால், நான்கும் ஒன்றாகும். மீப்பெரு பொதுக் காரணி என்ற பெயரைப் பள்ளிக்கணக்கில் கேட்டறியாத பாட்டிமாரும் எவ்விடத்தில் வளைக்கவேண்டும் என்பதை அறிவர். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் இவ்வறிவை மதித்து ஆராய்ந்தனர். கோல வடிவங்களைப் பிறப்பிக்கும் இலக்கணத்தை 1974இல் கட்டுரையாக வெளியிட்டனர். கணினிக்குரிய மொழியிலக்கணம் நம் வாசலில் இழையோடுவதை உலகம் அதனால் அறிந்தது.

மாவு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நூலாக இறங்கும்போது, வரைபவர் நினைவில் முழு வடிவமும் நிற்கவேண்டும். கடந்து வந்த வழியும் கடக்கவேண்டிய வழியும் ஒருசேர நிற்காவிடில் இழை சிக்கும். வேறு நினைப்புக்கு அங்கே இடமில்லை. ஊழ்கம் (தியானம்) என்று நூல்கள் போற்றும் ஒருமுகப்பாடு இதுவே என்பது என் உறுதி. காடும் குகையும் தேடிச் செல்லாமல், உலை வைப்பதற்கு முன் கிடைக்கும் சிறு பொழுதில், குனிந்த முதுகோடு அது கைகூடுகிறது. திருமகள் வருகைக்காக இடுவதாகச் சொல்வோர் பலர். அந்நம்பிக்கை இல்லாதவர்க்கும் அவ்வொருமை குறைவின்றி வாய்க்கிறது.

வரைந்தது நிலைக்கவேண்டும் என்ற எண்ணமும் இல்லை. பால்காரர் மிதிப்பார், மிதிவண்டி ஏறும், மறுநாள் துடைப்பம் வரும். அரிசிமாவாயின் எறும்பும் அணிலும் உண்டு தீர்க்கும்; வழிபாட்டோடு ஈகையும் அங்கே சேர்ந்தது. கல்மாவு பரவிய பின் அவ்வீகை பெரிதும் அறுந்தது. இது எனக்குப் பெருந்துயர். கல்மாவோடு ஒரு பிடி அரிசிமாவைக் கலந்து இடுவோர் இன்றும் உள்ளனர். அவ்வழக்கம் தெருவெங்கும் பரவவேண்டும் என விழைகிறேன்.