அந்தக் கட்டுரைக்குக் காசு கொடுத்தது யாரு?

இன்னைக்கு ஒரு சட்டை லேபிள்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

1990-கள்ல அமெரிக்கக் கடைகள்ல வித்த சில சட்டைகள்ல 'மேட் இன் யுஎஸ்ஏ'ன்னு போட்டிருக்கும். ஆனா அதைத் தைச்சது பசிபிக் கடல் நடுவுல இருக்கிற சைபான் தீவுல. தைச்சவங்கள்ல பெரும்பாலானவங்க சீனா மாதிரியான நாடுகள்ல இருந்து வந்த இளம்பெண்கள்.

அது எப்படி?

சைபான், வடக்கு மரியானா தீவுகள்ங்கிற அமெரிக்கப் பிரதேசத்துல இருக்கு. அதனால அங்க தைச்ச துணிக்கு இறக்குமதி வரி கிடையாது, கோட்டாவும் கிடையாது. கோட்டான்னா, ஒரு நாடு இவ்வளவு துணிதான் அனுப்பலாம்ங்கிற உச்சவரம்பு. 2004 முடியுற வரைக்கும் அது இருந்துச்சு. திருப்பூர்ல அந்தக் காலத்து ஏற்றுமதியாளர் யாரைக் கேட்டாலும் கோட்டா கதை சொல்லுவாங்க.

இன்னொரு வசதி: குறைந்தபட்சக் கூலியையும் குடியேற்ற விதிகளையும் அப்போ தீவு அரசாங்கமே முடிவு பண்ணிக்க முடிஞ்சுது. 90-களோட கடைசியில அமெரிக்காவுல மணிக்கு 5.15 டாலர், சைபான்ல 3.05. வேலை வாங்கித் தந்த ஏஜெண்ட்டுக்குக் கட்டுறதுக்காக வாங்கின கடனை அடைக்கவே அந்தப் பொண்ணுங்க ராப்பகலா உழைக்க வேண்டியிருந்துச்சு.

இதை மாத்தணும்னு வாஷிங்டன்ல குரல் கிளம்புச்சு. அதைத் தடுக்கத் தீவு அரசாங்கம் பிடிச்ச ஆள்தான் ஜாக் அப்ராமோஃப். காசு வாங்கிட்டு அரசியல்வாதிங்ககிட்ட காய் நகர்த்துற லாபியிஸ்ட். தீவோட தொழில் அதிபர்களும் அவர் பக்கம் இருந்தாங்க.

பத்தி எழுத்தாளர் எங்க வர்றார்?

2005 டிசம்பர்ல 'பிசினஸ்வீக்' ஒரு செய்தி போட்டுச்சு. டக் பேண்டோ, கேட்டோ இன்ஸ்டிட்யூட்டோட மூத்த ஆய்வாளர். அவரோட பத்தி பல பத்திரிகைகள்ல வரும். அவர் அப்ராமோஃப் கிட்ட காசு வாங்கிட்டு, அவரோட கிளையன்ட்களுக்குச் சாதகமா எழுதியிருக்கார். 12-ல இருந்து 24 கட்டுரை வரைக்கும் எழுதினதா அவரே ஒத்துக்கிட்டார். ஒரு கட்டுரைக்கு 2,000 டாலர் வரைக்கும். கேட்டோவுல இருந்து ராஜினாமா பண்ணினார், பத்தியும் நின்னுச்சு. பீட்டர் ஃபெராரான்னு இன்னொருத்தரும் காசு வாங்கினதை ஒத்துக்கிட்டார். ஆனா அதுல தப்பு ஒண்ணும் இல்லைன்னுட்டார்.

இங்கதான் நான் கொஞ்சம் நின்னு யோசிச்சேன். இவங்க ரெண்டு பேருமே தடையில்லா வணிகத்தை நம்புறவங்க. காசு இல்லாட்டியும் இதையேதான் எழுதியிருப்பாங்களோ? இருக்கலாம். ஆனா எதைப் பத்தி, எப்போ எழுதணும்ங்கிறதுக்குப் பின்னாடி வேற ஒருத்தரோட பணம் இருந்துச்சு. ஆலைத் தரப்பு நேரா விளம்பரம் கொடுத்திருந்தா, 'சரி, அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க'ன்னு வாசகர் கடந்து போயிருப்பார். 'ஆய்வாளர்'னு போட்டு வந்ததால நம்பினார். அந்த நம்பிக்கைக்குத்தான் 2,000 டாலர்.

சட்டத்துலயும் ஒரு ஓட்டை. லாபியிஸ்ட் தன் கிளையன்ட் யார், எவ்வளவு வாங்கினோம்னு பதிவு பண்ணணும். ஆனா பத்தி எழுதுறவருக்கு அவர் கொடுக்கிற காசு அந்தக் கணக்குல தெரியாது.

விலை கொடுத்தது யாரு?

தீவோட விதிகளை இறுக்குற ஒரு மசோதா 2000-ல செனட்ல எதிர்ப்பே இல்லாம நிறைவேறுச்சு. பிரதிநிதிகள் சபையில முடங்கிப் போச்சு. அதுக்குக் காரணம் கட்டுரைகள் மட்டும்னு சொன்னா அது மிகை. எம்.பி.க்களை சைபானுக்குக் கூட்டிட்டுப் போனதுன்னு நிறைய வேலை நடந்துச்சு. கட்டுரைகள் அதுல ஒரு துண்டு. குறைந்தபட்சக் கூலியை ஏத்துற சட்டம் 2007-லதான் வந்துச்சு. அதுக்குள்ள கோட்டா முறை முடிஞ்சு ஆலைகள் மூடிக்கிட்டு இருந்துச்சு. 2009-ல கடைசி ஆலையும் போச்சு. கூலி உயர்வு வந்தப்போ, அதை வாங்க வேண்டிய தையல்காரப் பொண்ணுங்கள்ல பல பேர் ஏற்கனவே கிளம்பிட்டாங்க.

அதனால அடுத்த தடவை ஒருத்தர் இறக்குமதி வரியைப் பத்தியோ வணிக ஒப்பந்தத்தைப் பத்தியோ சூடா பேசினா, மூணு கேள்வி கேளுங்க. இவர் சொல்றபடி நடந்தா யாருக்கு லாபம்? இவர் வேலை பார்க்கிற நிறுவனத்துக்கு யார் நிதி கொடுக்கிறாங்க? அதை அவரே சொன்னாரா?

மூணாவதுக்கு பதில் இல்லைன்னா உடனே அவர் பொய் சொல்றார்னு அர்த்தம் இல்லை. அவர் பேச்சைப் பாதி விலைக்கு எடுத்துக்கோங்க, அவ்வளவுதான்.