எதிர்த்திசைப் பிரயாணம்

படகேறி வந்து கரைசேரும் அகதிகளைப் பற்றி ஆஸ்திரேலிய ஜனங்களுக்குள் நெடுங்காலமாக மூண்டிருந்த சச்சரவு மேடைப் பிரசங்கத்தாலும் தலையங்கத்தாலும் தீரக்கூடியதன்று என்று கருதியோ என்னவோ, எஸ்.பி.எஸ். தொலைக்காட்சி 2011 ஜூன் மாதத்தில், ‘வந்த இடத்துக்கே திரும்பிப் போ’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு தொடரை மூன்று இரவுகள் ஒளிபரப்பியது. முரண்பட்ட அபிப்பிராயங்கள் கொண்ட ஆறு சாமானியர்களைப் பொறுக்கியெடுத்து, அகதிகள் வந்த வழியிலேயே பின்னோக்கி அழைத்துச் செல்வதுதான் அதன் யுக்தி.

முதலில் பாஸ்போர்ட்டையும் பணப்பையையும் கைபேசியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு ஓட்டைப் படகொன்றில் ஏற்றிக் கடலில் விட்டார்கள். தண்ணீர் புகுந்து, வாய்ச்சவடால் பேசியவர்களின் முகமும் வெளிறிய பின்னரே மீட்பு வந்தது. அப்பால் மலேசியாவில் ஒளிந்து வாழும் பர்மிய அகதிகளின் நெரிசலான குடியிருப்பு, கென்யாவின் ககூமா முகாம், ஜோர்டான், இராக், காங்கோ என்று பிரயாணம் நீண்டது.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. படம்பிடிப்பவர்கள் பக்கத்தில் இருக்கையில் தம்மைச் சாகவிடமாட்டார்கள் என்ற தைரியம் அந்த அறுவருக்கும் உள்ளூர இருந்திருக்கும்; 2010 டிசம்பரில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவின் பாறைகளில் மோதிச் சிதறிய அகதிப் படகில், கரையில் நின்றவர்களின் கண்ணெதிரேயே மாண்டுபோன ஏறத்தாழ ஐம்பது பேருக்கு அந்தத் தைரியம் ஏது? 2009-இல், தம்மை ஏற்றிவந்த ஆஸ்திரேலியக் கப்பலான ‘ஓஷியானிக் வைக்கிங்’கை விட்டு இந்தோனேசியக் கரையில் இறங்க மறுத்து, வாரக்கணக்கில் அதிலேயே கிடந்த 78 இலங்கைத் தமிழர்களுக்குத்தான் ஏது?

ஆயினும் தொடரை வெறும் வேடிக்கை என்று ஒதுக்க மனம் வரவில்லை. 2012-இல் வந்த இரண்டாம் தொடரில் பிரயாணம் செய்தவர்களுள் ஒருவர் பீட்டர் ரீத். அகதிகள் தம் குழந்தைகளையே கடலில் வீசினார்கள் என்று 2001-இல் சர்க்கார் கிளப்பிய அபவாதத்துக்கு ராணுவ மந்திரியாக இருந்து பக்கபலமாக நின்றவர். அது பொய்யென்று செனட் விசாரணையில் பின்னர் ருசுவாயிற்று. அத்தகையவரும் அகதிகளின் துன்பத்தைப் பிரத்தியட்சமாகக் கண்டார். படகுகளைத் தடுத்தே தீரவேண்டும் என்ற கொள்கையை மாத்திரம் விடவில்லை. அனைவரையும் ஒரே நாளில் மனம் மாறியவர்களாகக் காட்டாத இந்த யோக்கியதைக்காகவே தொடரை மெச்சுகிறேன்.

ஜனங்களின் இரக்கம் வேறு, சர்க்காரின் சட்டம் வேறு. இரண்டாம் தொடர் ஒளிபரப்பான அதே 2012 ஆகஸ்டு மாதத்தில்தான், படகில் வருவோரை நாட்டுக்கு வெளியே நவ்ரூவுக்கும் மானுஸ் தீவுக்கும் அனுப்ப வழிசெய்யும் சட்டத்தை, அந்நாட்டின் பிரதான கட்சிகள் இரண்டும் ஒன்றுசேர்ந்து பார்லிமெண்டில் நிறைவேற்றின.