உங்களுக்குத் தெரியுமா? இலங்கையின் துறைமுகங்கள்

இலங்கையின் பெரிய துறைமுகமான கொழும்பு இயற்கை தந்ததல்ல. தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகளுக்கு நேர் எதிரே, திறந்த கடலோரமாகக் கிடந்த இடம் அது. 1875-இல் அலைத்தடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, பத்தாண்டு உழைப்பில் சுவர் எழுந்த பிறகே கப்பல்கள் அங்கே நிம்மதியாக நின்றன. இன்று அங்கு இறங்கும் கொள்கலன்களில் பெரும்பகுதி இலங்கைக்கானவை அல்ல. வேறொரு கப்பலுக்கு மாறி இந்தியாவுக்கும் பிற நாடுகளுக்கும் போகின்றன.

கொழும்பின் எழுச்சியில் பழைய காலித் துறைமுகம் ஒதுங்கியது. ஆனால் அதன் பழம்பெருமைக்கு ஒரு கல்லே சாட்சி. 1911-இல் காலியில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்த பலகைக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்துகள் தெரிந்தன. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ வழியே வந்த, 1409 எனக் காலம் குறித்த கல் அது. தேவந்துறைத் திருமாலுக்குச் செலுத்திய காணிக்கைகளைத் தமிழ்ப் பகுதி சொல்கிறது. கடல் வணிகத்தில் தமிழுக்கு இருந்த இடத்துக்கு இதைவிட நல்ல சான்று அரிது. கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

திருகோணமலையோ ஆழமான இயற்கைத் துறைமுகம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளமாக இருந்ததால், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் அதைத் தாக்கின. அக்கால எண்ணெய்க் குதங்கள் இன்றும் அங்கு நிற்கின்றன.

தெற்கே 2010-இல் திறக்கப்பட்ட அம்பாந்தோட்டை, வாகனங்களை ஒரு கப்பலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் இடம். வடக்கே காங்கேசன்துறைக்கு நாகப்பட்டினத்திலிருந்து 2023-இல் பயணிகள் கப்பல் வந்தது.