இல்லாத போதைப்பொருளின் பெயர் ரெலெவின்

ஐரோப்பியப் பள்ளிகளில் 15, 16 வயது மாணவர்களிடம் 1995 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 'எஸ்பாட்' என்ற கணக்கெடுப்பு நடக்கிறது. அதன் கேள்வித்தாளில் கஞ்சா, கொக்கைன் ஆகியவற்றோடு 'ரெலெவின்' என்ற பெயரும் இடம்பெற்றது. அப்படியொரு போதைப்பொருளே கிடையாது. ஆய்வாளர்கள் கற்பனையாகச் சூட்டிய பெயர் அது. ரெலெவினையும் பயன்படுத்தினேன் என்று ஒரு மாணவர் குறித்தால், அவருடைய மற்ற பதில்களையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

வீம்புக்குக் கூட்டிச் சொல்பவர்களை இப்படிக் கண்டுபிடித்துவிடலாம். மறைப்பவர்களை என்ன செய்வது? அடுத்த அறையில் அம்மா இருக்க, கணக்கெடுக்க வந்தவர் "சிகரெட் பிடிப்பியா தம்பி?" என்று கேட்டால் எந்தப் பையன் தலையாட்டுவான்? வீட்டில் எடுக்கும் கணக்கைவிட, பள்ளியில் பெயர் எழுதாத தாளில் எடுக்கும் கணக்கில் எண்ணிக்கை பொதுவாகக் கூடுவது அதனால்தான். அமெரிக்காவில் 15 முதல் 19 வயதுப் பையன்களிடம் நடந்த ஓர் ஆய்வு 1998இல் வெளியானது. தாளில் எழுதியவர்களைவிட, காதில் ஹெட்போன் மாட்டிக் கேள்வியைக் கேட்டுக் கணினியில் பதிலை அழுத்தியவர்கள் போதைப் பழக்கத்தை அதிகம் ஒப்புக்கொண்டார்கள். பிள்ளைகள் பொய்யர்கள் என்று இதற்குப் பொருளில்லை. யாரும் பார்க்கவில்லை என்ற நிம்மதி கிடைத்தால் அவர்கள் பேசுகிறார்கள்.

பேசாமல் உடலையே சோதித்துவிடலாமே என்று தோன்றும். புகையிலையின் தடயமான கோட்டினின் உமிழ்நீரில் சில நாட்களே தங்கும். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், மூன்று சென்டிமீட்டர் முடி மூன்று மாதக் கதையைச் சொல்லும். ஆனால் ஓரிரு முறை இழுத்துப் பார்த்தது அதில் தெரியாமலே போகலாம். அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 சிறாரை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் 'ஏபிசிடி' ஆய்வில் இது வெளிப்பட்டது. பழகவே இல்லை என்ற சிலரின் முடியில் தடயம் இருந்தது. பழகியதாகச் சொன்ன பலரின் முடியில் ஒன்றுமில்லை. சொல்லையும் சோதனையையும் சேர்த்துப் பார்ப்பதே சரி.

இந்தியாவில் 2019இல் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பு, 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் புகையிலை பயன்படுத்துவதாகச் சொன்னது. கடந்த 30 நாட்களில் ஒருநாள் தொட்டிருந்தாலும் அவர் இந்தக் கணக்கில் வருவார். பள்ளியை விட்டு நின்று பட்டறைக்கும் செங்கல் சூளைக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளிடம் அந்தக் கேள்வித்தாள் போய்ச் சேரவே இல்லை.